மூன்று லட்சத்துக்குள் குவான்ட் ஆக முடியுமா?

கேள்வி: என் மகள் விருதுநகர் மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான். கணிதத்தில் 95-க்குக் குறைந்ததில்லை. நிதிச் சந்தையில் கணித மாதிரிகள் உருவாக்கும் ‘குவான்ட்’ ஆக வேண்டும் என்கிறாள். ஜே.இ.இ. பயிற்சிக்கு அனுப்பவில்லை. ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பி.காம். ஃபைனான்சியல் அனலிட்டிக்ஸுக்கு ஆண்டுக்கு 1.8 லட்சம் கேட்கிறார்கள். பட்டப்படிப்புக்கு மொத்தமாக 3 லட்சம்தான் என்னால் முடியும். எதில் சேர்ப்பது?

பதில்: அந்த பி.காமில் சேர்க்காதீர்கள். மூன்று ஆண்டில் 5.4 லட்சம் ஆகிவிடும். உங்களிடம் அவ்வளவு பணம் இருந்தாலும் இதே பதிலைத்தான் சொல்வோம். குவான்ட் வேலைக்கான நேர்முகத் தேர்வில் துருவிக் கேட்பது நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், புரோகிராம் எழுதும் திறன் ஆகியவற்றைத்தான். ஆப்ஷன் என்றால் என்ன, பாண்டின் (கடன் பத்திரத்தின்) விலை ஏன் வட்டியோடு எதிர்த்திசையில் நகர்கிறது என்பதையெல்லாம் கணிதம் தெரிந்தவர் சில மாதங்களில் படித்துக்கொள்வார். வணிகவியல் படித்தவர் வேலைக்கு நடுவே மெய்யெண் பகுப்பாய்வை, அதாவது நுண்கணிதத்தின் அடிப்படைகளை நிறுவிப் படிக்கும் ‘ரியல் அனாலிசிஸ்’ பாடத்தை, படித்துத் தேறுவது அபூர்வம். இன்னொரு சிக்கலும் உண்டு. நல்ல எம்.எஸ்சி. இடங்கள் பலவற்றுக்கு, இளநிலையில் கணிதமோ புள்ளியியலோ பாடமாக இருந்திருக்க வேண்டும். பி.காம். எடுத்தால் அந்த வாசல் மூடிவிடும்.

வேலைச் சந்தையையும் உள்ளபடி சொல்லிவிடுகிறோம். கணினி வழியே நொடிக்கும் குறைவான நேரத்தில் பங்குகளை வாங்கி விற்று, பெரும் சம்பளம் தரும் அதிவேக வர்த்தக நிறுவனங்கள் பெரும்பாலும் ஐ.ஐ.டி. வளாகங்களிலேயே ஆள் எடுத்துக்கொள்கின்றன. சாதாரணக் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்த கையோடு அங்கே நுழைவது மிகவும் கடினம். அகலமான வழி, வங்கிகளின் இடர் கணிப்புப் பிரிவுகளும் மாதிரிகளைச் சரிபார்க்கும் பிரிவுகளும். சென்னையிலேயே ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட், பி.என்.பி. பரிபா, பார்க்லேஸ், சிட்டி போன்ற வங்கிகளுக்குப் பெரிய அலுவலகங்கள் இருக்கின்றன. இத்தகைய வேலைகளுக்குப் பெரும்பாலும் முதுநிலைப் பட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். அதனால் இளநிலையில் செலவைக் குறைத்து அடித்தளத்தைக் கெட்டியாக்குங்கள். மிச்சப் பணம் எம்.எஸ்சி.க்கு இருக்கட்டும்.

முதலில் முயல வேண்டியவை இரண்டு. ஒன்று, ஐ.எஸ்.ஐ. என்கிற இந்தியப் புள்ளியியல் நிறுவனம். 1931-இல் மகலனோபிஸ் தொடங்கியது. கொல்கத்தாவில் பி.ஸ்டாட்., பெங்களூரில் பி.மேத். இவ்விரண்டிலும் கல்விக் கட்டணம் வாங்காமல் மாணவருக்கு மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை கொடுத்துப் படிக்கவைப்பது அவர்கள் வழக்கம். அங்கேயே தொடங்கியுள்ள புள்ளியியல் தரவு அறிவியல் பட்டம் வேறு, அதன் கட்டணமும் வேறு, விண்ணப்பத்தில் குழப்பிக்கொள்ளாதீர்கள். மற்றொன்று, சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகம், அதாவது சி.எம்.ஐ. அங்கே கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஆனர்ஸ் இருக்கிறது. கட்டணம் உண்டு, ஆனால் வசதியில்லாதவர்களுக்குச் சலுகையும் உண்டு.

இரண்டுக்கும் தனித்தனி நுழைவுத் தேர்வு, வழக்கமாக மே மாதத்தில். விண்ணப்பம் அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே, பொதுத் தேர்வு நெருக்கடியில் வந்துபோய்விடும். தகுதியுள்ள பிள்ளைகள் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். தேதியை இப்போதே பார்த்துக் குறித்துவையுங்கள். கேள்விகள் பிளஸ் டூ பாடத்தைத் தாண்டுவது குறைவு. ஆனால் கேட்கும் விதமே வேறு. பாடநூல் கணக்கைப் பழகியவர்கள் சூத்திரத்தைத் தேடுவார்கள். இந்தத் தாள்களோ “இது ஏன் எப்போதும் உண்மை, நிறுவு” என்று கேட்கும். எண்ணியல், சமனிலிகள், எண்ணிக்கை முறைகள் ஆகிய மூன்றிலும் தனிப் பயிற்சி வேண்டும். பழைய வினாத்தாள்கள் அந்த நிறுவனங்களின் தளங்களிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. பத்து ஆண்டுத் தாள்களை, விடையைப் பார்க்காமல், ஒரு கணக்குக்கு ஒரு மணி நேரம்கூடச் செலவழித்துப் போடட்டும். இந்த ஆண்டு கிடைக்காவிட்டால், வேறு கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டே அடுத்த ஆண்டும் எழுதலாம்.

உங்கள் மகளுக்கு இன்னொரு பெரிய உரிமை இருக்கிறது. ஆறு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் 7.5% உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் பெற்றால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கிண்டி பொறியியல் கல்லூரி போன்ற முதல் வரிசைக் கல்லூரியில் கணினி அறிவியல் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். பொறியியல் பாடத்திட்டத்தில் நிறுவல் சார்ந்த கணிதம் குறைவு. அதை அவள் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆனால் புரோகிராமிங்கும் வளாக வேலைவாய்ப்பும் அந்தக் குறையை ஈடுகட்டும். ஏதோ ஒரு கல்லூரியில் ஏதோ ஒரு பிரிவு என்றால், செலவில்லை என்பதற்காக மட்டும் போக வேண்டாம். அதைவிட நல்ல பி.எஸ்சி. மேல்.

அந்த பி.எஸ்சி. புள்ளியியலா, கணிதமா? இரண்டுமே சரி, கல்லூரி சம அளவில் இருந்தால் புள்ளியியல் என்போம். தொல்லை என்னவென்றால், கணிதம் ஏறக்குறைய எல்லா அரசுக் கல்லூரிகளிலும் இருக்கிறது, புள்ளியியல் சிலவற்றில்தான். சென்னையில் மாநிலக் கல்லூரி, லயோலா, சென்னை கிறித்தவக் கல்லூரி ஆகியவற்றில் இருக்கிறது. நிகழ்தகவுக் கோட்பாட்டுக்காக 2007-இல் ஏபெல் பரிசு பெற்ற எஸ்.ஆர்.எஸ்.வரதன், மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்துவிட்டு ஐ.எஸ்.ஐ.க்குப் போனவர். அரசுக் கல்லூரி என்று யாராவது முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள்.

சேரும் முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். மெய்யெண் பகுப்பாய்வு, நேரியல் இயற்கணிதம், தொகையீட்டோடு கூடிய நிகழ்தகவு, வகைக்கெழுச் சமன்பாடுகள், எண்சார் முறைகள் இவை இருக்க வேண்டும். ‘கணினிப் பயன்பாட்டுடன் கணிதம்’ என்ற பட்டங்களில் பகுப்பாய்வைச் சுருக்கி அந்த இடத்தில் அலுவலக மென்பொருளை வைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். அரசு உதவிபெறும் கல்லூரி என்றால், கிடைப்பது உதவிபெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று கேட்டு எழுத்தில் உறுதிசெய்யுங்கள். ஒரே கல்லூரி, ஒரே பட்டம். கட்டணம் மட்டும் பல மடங்கு வேறுபடும். தமிழ்நாட்டில் படிக்கும் வரை புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் அவளுக்கு வரும்.

ஊர்ப்பக்கக் கல்லூரியில் கணிதம் எடுத்தால், அதோடு சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் பி.எஸ். படிப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். ஜே.இ.இ. தேவையில்லை. நான்கு வாரப் பாடத்தை முடித்துத் தகுதித் தேர்வு எழுதினால் போதும். வகுப்பு இணையத்தில், தேர்வு நேரில். எடுக்கும் பாடத்துக்கு மட்டும் கட்டணம். வருமானத்தையும் பிரிவையும் பொறுத்து 75% வரை சலுகை. 2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க யு.ஜி.சி. அனுமதிக்கிறது. பைத்தானும் புள்ளியியலும் இதில் நன்றாக வரும். ஆனால் இதை மட்டும் படித்துவிட்டுக் குவான்ட் ஆகலாம் என்று எண்ண வேண்டாம். நிறுவல் கணிதம் இதில் போதாது. முதல் பருவத்தில் இரண்டு பாடங்களுக்கு மேல் எடுத்தால் கல்லூரித் தேர்வும் இதுவும் மோதும்.

இரண்டாம் ஆண்டில் அவள் செய்து பார்க்க ஒரு பயிற்சி. இன்றைய விலை 100, ஒப்பந்த விலை 100, வட்டி 5%, ஏற்ற இறக்கம் 20%, தவணை ஓராண்டு என்று ஒரு ஐரோப்பிய கால் ஆப்ஷனை (தவணை நாளில் ஒப்பந்த விலைக்குப் பங்கை வாங்கும் உரிமையை) எடுத்துக்கொள்ளட்டும். ஆப்ஷன் விலையைக் கணிக்கும் பிளாக்–ஷோல்ஸ் சூத்திரம் தரும் விலை 10.45. அதையே பைத்தானில் மான்டே கார்லோ முறையில், அதாவது விலை நகரக்கூடிய 10,000 பாதைகளைத் தற்செயல் எண்களால் உருவாக்கிச் சராசரி எடுத்து, கணக்கிட வேண்டும். திட்டப் பிழை (விடை எவ்வளவு தடுமாறும் என்பதன் அளவு) ஏறத்தாழ 0.15 வரும், அதைப் பாதியாக்க நான்கு மடங்கு, 40,000 பாதைகள் வேண்டும். விடை 11.77-ஐ ஒட்டி வந்தால், மடக்கை விலையின் சராசரி நகர்விலிருந்து ஏற்ற இறக்க வர்க்கத்தில் பாதியைக் கழிக்க மறந்திருக்கிறாள். ஏன் கழிக்க வேண்டும் என்பதைத் தாளில் நிறுவ முடிந்தால், நேர்முகத் தேர்வின் ஒரு பகுதிக்கு அவள் தயார்.

அடுத்தது உண்மைத் தரவு. தேசியப் பங்குச் சந்தை நாள்தோறும் வெளியிடும் பாவ்காபி என்ற விலைப்பட்டியல் கோப்புகள் இலவசம். அவற்றை வைத்து ஒரு வர்த்தக உத்தியைப் பழைய தரவில் சோதிக்கலாம். இரண்டு இடங்களில் வழுக்கும். ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு கொடுத்த நாளில் விலை பாதியாகும்; சரிசெய்யாவிட்டால் 50% நட்டம் என்று கணினி காட்டும். அந்தச் சந்தையின் ஐம்பது பெரிய நிறுவனங்களைக் கொண்ட நிஃப்டி 50-இன் இன்றைய பட்டியலை வைத்துப் பத்தாண்டுக்கு முந்தைய தரவில் சோதித்தால், இடையில் சரிந்து வெளியேறிய நிறுவனங்கள் கணக்கில் வராமல், உண்மையில் இல்லாத லாபத்தை உத்தி காட்டும். பங்குப் பரிவர்த்தனை வரியையும் தரகையும் கழிக்காத முடிவை யாரிடமும் காட்டக் கூடாது.

மூன்றாம் ஆண்டின் இலக்கு எம்.எஸ்சி. நுழைவு. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ‘ஜாம்’ என்ற நுழைவுத் தேர்வு பிப்ரவரியில் நடக்கும். கணிதப் புள்ளியியல் தாளை எழுதலாம். ஐ.எஸ்.ஐ.யின் எம்.ஸ்டாட்., சி.எம்.ஐ.யின் தரவு அறிவியல் எம்.எஸ்சி. இரண்டுக்கும் விண்ணப்பிக்கட்டும். பணம் பற்றாவிட்டால், 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள உயர்தர நிறுவனங்களுக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். இடையில் அவளுக்குச் சந்தையைவிடக் காப்பீட்டுக் கணக்கு பிடித்துவிட்டால், இதே பாடங்களை வைத்தே காப்பீட்டு இடர்களைக் கணக்கிடும் ஆக்சுவரிகளுக்கான இந்திய ஆக்சுவரி கழகத்தின் தேர்வுகளுக்குத் திரும்பலாம். அதில் ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியாகப் பணம் கட்டி, வேலை பார்த்துக்கொண்டே எழுத முடியும்.