வாசகர் கேள்வி: புவியியல் படித்தவள் வீடு வரையலாமா?

கேள்வி: அண்ணா, நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளை. பேராதனையில் புவியியல் பட்டம் முடித்து, இப்போது ஒரு பாடசாலையில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். வயது 26. எங்கள் டிவிசனில் புதிதாகக் கட்டிக்கொடுத்த வீடுகளில் விறகு அடுக்க ஓர் இடம்கூட இல்லை, எல்லோரும் பின்னால் தகரம் சாய்த்து அடுப்பை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். அதைப் பார்த்ததிலிருந்து கட்டடக்கலை படிக்க வேண்டும் என்று ஒரே நினைப்பு. ஒருவர் எம்.எஸ்சி. ஒன்று செய்தால் போதும் என்கிறார், இன்னொருவர் சென்னைக்குப் போகச் சொல்கிறார். அரசாங்க வேலையை விட்டால் வீட்டுப் படி ஏறாதே என்கிறார் அப்பா. நான் என்ன செய்யட்டும்?

பதில்: தங்கச்சி, முதலில் அந்த எம்.எஸ்சி. கதையை முடித்துவிடுவோம், ஏனென்றால் அதில் நான் ஏற்கெனவே சூடுபட்டவன். நானும் உங்களைப் போலத்தான், வர்த்தகம் படித்துவிட்டு தோட்டத்து ஒபிசில் செக்ரோல், அதாவது வேலையாட்களின் வரவுப் பதிவு, எழுதிக்கொண்டிருந்தேன். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனம், பெயர் வேண்டாம், "எந்தப் பட்டம் இருந்தாலும் பரவாயில்லை, இரண்டு வருடத்தில் ஆர்கிடெக்ட்" என்றார்கள். அம்மாவின் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசில் பாதியைக் கொண்டுபோய்க் கட்டினேன். படிப்பு முடிந்த பிறகுதான், அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு தொழில்முறைப் பரீட்சை மண்டப வாசலைக்கூட மிதிக்க முடியாது என்று தெரிந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல், நிலத்தோற்ற வடிவமைப்பு என்று முதுமாணிப் படிப்புகள் இருக்கின்றன. நல்ல படிப்புகள், புவியியல்காரருக்குத் திட்டமிடல் பொருத்தமும்கூட. ஆனால் அது உங்களை நகரத் திட்டமிடலாளர் ஆக்குமே தவிர கட்டடக்கலைஞர் ஆக்காது. நம் நாட்டில் அந்தப் பெயருக்குச் சட்டமே இருக்கிறது, 1976இல் வந்து 1996இல் திருத்தப்பட்டது. ஏறவேண்டிய படிகள் இவை: கட்டடக்கலைப் படிப்பின் முதல் பகுதி, இரண்டாம் பகுதி, அப்புறம் ஓர் ஒபிசில் பயிற்சி, கடைசியாகத் தொழில்முறைப் பரீட்சையான மூன்றாம் பகுதி, அதன் பிறகு பதிவு. உங்கள் புவியியல் பட்டம் இதில் ஒரு படியைக்கூடக் குறைக்காது. கசப்புத்தான், ஆனால் இதை ஒத்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

மொறட்டுவையின் ஐந்து வருட பி.ஆர்க். (கட்டடக்கலை இளமாணி) படிப்புக்கு உயர்தரப் பெறுபேறும் உளச்சார்புப் பரீட்சையும் வேண்டும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாகத்தான் போக வேண்டும். ஒரு தடவை அதே வழியில் கம்பஸ் போய்ப் பட்டமும் எடுத்துவிட்டவருக்கு அந்தக் கதவு மூடியதுதான். அங்கே தட்டி நேரத்தை வீணாக்காதீர்கள்.

சென்னை பக்கம், கடலுக்கு அந்தப் பக்கம் என்பதால் எளிது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். இந்தியாவில் பி.ஆர்க். ஐந்து வருடம், பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான படிப்பில் கணிதமும் பௌதிகவியலும் கட்டாயம். கலைப் பிரிவில் உயர்தரம் செய்த உங்களுக்கு அது இல்லை. அங்கே எம்.ஆர்க். (கட்டடக்கலை முதுமாணி) சேர வேண்டுமென்றால் கையில் பி.ஆர்க். இருக்க வேண்டும், குறுக்கு வழி கிடையாது.

குறுக்கு வழி என்று சொல்லத்தக்க ஒன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கிறது. வேறு துறையில் பட்டம் எடுத்தவர்களுக்கென்றே மூன்று, மூன்றரை வருட எம்.ஆர்க். நடத்துகிறார்கள், கட்டடக்கலையே தெரியாதவரை முதல் கோட்டிலிருந்து கற்றுக்கொடுக்கிறார்கள், சேரும்போது அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது உங்கள் கைவேலைத் தொகுப்பைத்தான். ஆனால் காசு! உதவித்தொகை இல்லாமல் யோசிக்கவே வேண்டாம். கிடைத்தாலும், திரும்பி வந்து இங்கே பதிவாக அந்தப் பட்டத்தை ஏற்பார்களா என்று போவதற்கு முன்பே எழுதிக் கேட்டு, பதிலைக் கடிதமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், நான் வாய்ப்பேச்சை நம்பித்தான் மாட்டினேன்.

மிச்சம் இருப்பது நான் கடைசியில் போய்ச் சேர்ந்த வழி, உங்களுக்கும் அதையே சொல்வேன். இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் சிட்டி ஸ்கூல் ஒஃப் ஆர்கிடெக்சர், கொழும்பில் 1986இல் ஆரம்பித்தது. பகலில் ஒரு கட்டடக்கலைஞரிடம் வேலை, அதோடு படிப்பு. இந்த வருட அனுமதித் தகைமையை நேரில் போய் வாங்கி, உங்கள் சாதாரணதரக் கணித, ஆங்கிலப் பெறுபேறுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வகுப்பெல்லாம் ஆங்கிலம். முதல் வருடம் எனக்கு விளங்கியது பாதி, மீதியைப் படத்தைப் பார்த்து ஊகித்தேன். போர்டிங் காசு, பிரிண்ட் காசு, மொடல் செய்யும் அட்டைக் காசு என்று சம்பளம் இருபதாம் திகதியே முடிந்துவிடும். முழுவதும் முடித்துப் பதிவாகும்போது உங்களுக்கு முப்பத்தைந்தாவது ஆகியிருக்கும். சரி, படிக்காவிட்டாலும் முப்பத்தைந்து வரத்தானே போகிறது?

வயதைப் பற்றி யாராவது பேசினால் நம் நாட்டுப் பெரிய கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவைக் காட்டுவார்கள். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம், அப்புறம் சட்டம், பாரிஸ்டர், அதற்கும் பிறகு லண்டனில் கட்டடக்கலை, 1957இல் தகைமை பெறும்போது வயது 38. பண்டாரவளையில் அவர் செய்த கன்னியர் மட தேவாலயத்தைப் போய்ப் பாருங்கள், கருங்கல் சுவரும் வெளிச்சமும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று. ஆனால் அவர் கையில் லுணுகங்கை என்று ஒரு ரப்பர் தோட்டமே இருந்தது. நம் கையில் இருப்பது தோட்டத்துப் பெயர் மட்டும்தான். அதனால் அந்த உதாரணத்தைக் காட்டி அப்பாவோடு சண்டை பிடிக்காதீர்கள்.

உங்களுக்கு நான் காட்டுவது கண்டியில் பிறந்த கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வாவை. 1950களின் கடைசியில் வட்டபுளுவ வீட்டுத்திட்டத்துக்கு வரைவதற்கு முன், குடிவரப்போகிறவர்களிடம் கேள்விக்கொத்துக் கொடுத்து எப்படி வாழ்கிறீர்கள், என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். உங்கள் டிவிசனில் யாரும் கேட்காத கேள்வி அதுதானே? கேள்விக்கொத்துத் தயாரிக்கவும், வீடு வீடாகப் போய்க் கேட்கவும், சமவுயரக்கோட்டு வரைபடம் வாசிக்கவும் உங்களுக்குப் பேராதனையிலேயே கற்றுக்கொடுத்துவிட்டார்கள். மலையில் வீடு என்றால் பாதி வேலை சரிவும் தண்ணீர் போகும் வழியும்தான். மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் மேல் மண் சரிந்து வந்து விழுந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அன்றிலிருந்து நம் பக்கத்தில் எங்கே வீடு என்றாலும், மண்சரிவு அபாயத்தைப் பார்க்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயர் பேச்சில் வருகிறது. அந்த அறிக்கைகளை என்னோடு படித்தவர்கள் திணறித் திணறி வாசித்தார்கள். நீங்கள் அப்படி வாசிக்கமாட்டீர்கள். படிக்கட்டில் இது ஒரு படியைக் குறைக்காது என்று மேலே சொன்னேன், ஆனால் ஏறும் கால் வேறு.

சரி, இப்போதே வேலையை விடாதீர்கள். இந்த மார்கழி விடுமுறையில் ஒன்று செய்யுங்கள். அளவு நாடா ஒன்று வாங்கி உங்கள் காம்பராவை, அதாவது லயத்து அறையை, அளந்து வரையுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி, 1க்கு 50 அளவில் வரைந்தால் 6 சென்றிமீற்றருக்கு 7 சென்றிமீற்றர் சொச்சம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதற்குள் யார் எங்கே படுக்கிறார்கள், இஸ்தோப்பில் (முன் தாழ்வாரத்தில்) செருப்பு எந்தப் பக்கம், விறகு அடுப்புக்கு மேலே எவ்வளவு உயரத்தில் காய்கிறது, தண்ணீர்ப் பீலியிலிருந்து குடம் வரும் பாதை, மழைக்குத் தகரம் எங்கே ஒழுகுகிறது, எல்லாவற்றையும் போடுங்கள். அப்புறம் புது வீட்டையும் அதே மாதிரி. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உங்கள் கோபம் படமாகிவிடும், நேர்முகத்தில் அதைத்தான் பார்ப்பார்கள். அந்த வேலையில் மூன்றாவது நாளே அலுப்பு வந்தால், எனக்கு நன்றி சொல்லிவிட்டுத் திட்டமிடல் முதுமாணிக்கு விண்ணப்பியுங்கள். அலுக்கவில்லை என்றால், கொழும்பில் ஒரு கட்டடக்கலைஞர் ஒபிசில் இடம் தேடிக்கொண்டு, வேலையில் சம்பளமில்லா லீவுக்கு வழி இருக்கிறதா என்று விசாரியுங்கள். அப்பாவிடம் "விடுகிறேன்" என்று சொல்வதற்கும் "லீவு போடுகிறேன்" என்று சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி: மகன் வர்த்தகத்தில் உயர்தரம் செய்தான், ஆர்கிடெக்ட் ஆகவேண்டும் என்கிறான். தமிழ்நாட்டில் காசு கட்டினால் இடம் எடுக்கலாம் என்று ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா? ஒரு தகப்பன், பதுளை.

பதில்: ஐயா, வேண்டாம். கணிதம் பௌதிகவியல் இல்லாமல் பி.ஆர்க். இடம் எடுத்துத் தருகிறேன் என்பவர் உங்கள் காசைத்தான் எடுக்கப்போகிறார். தம்பியை முதலில் படவரைஞர் பயிற்சி ஒன்றுக்கு அனுப்புங்கள், கணினியில் படம் வரையும் ஓட்டோகேட் கை வந்துவிட்டால் எந்த ஒபிசிலும் உட்காரலாம், உட்கார்ந்த பிறகு மேலே படிக்கும் வழியை அங்கேயே பார்த்துக்கொள்வான்.

கேள்வி: அண்ணா, கட்டடக்கலை தொடங்க என்ன லெப்டொப் வாங்கலாம்? ஹட்டன் வாசகர்.

பதில்: முதல் வருடத்துக்கு பென்சில், அளவுகோல், டிரேசிங் பேப்பர். லெப்டொப்பை வகுப்பில் கேட்கும்போது வாங்குங்கள், தவணைக் கடைப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.