பாதியில் நின்ற இடிப்பு வேலை, கீழ்வீட்டில் ஒழுகல்: யார் பொறுப்பு?

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் மறுவிற்பனை நாலறை வீடு வாங்கினோம். இரண்டு கழிவறைகளின் டைல்ஸையும் சமையலறைச் சுவர் ஒன்றையும் உடைத்துவிட்டு, வாட்டர்புரூஃபிங் போட்டுப் புது டைல்ஸ் ஒட்டித் தர 9,800 வெள்ளி பேசினோம். 7,000 கொடுத்தாயிற்று. குத்தகையாளர் (வேலையை ஒப்பந்தத்தில் எடுத்தவர்) உடைத்ததோடு நின்றுவிட்டார். இடிபாட்டை அள்ள இன்னும் 1,600 கேட்கிறார். ஒரு கழிவறையை நாங்கள் புழங்கிக்கொண்டிருக்கிறோம். கீழ்வீட்டுக்காரர் தம் கூரை ஒழுகுகிறது, நீங்கள்தான் பணம் கட்டவேண்டும் என்கிறார்.

பதில்: முதல் வேலையாக அந்தக் கழிவறைக்குப் போகும் தண்ணீரை இன்றே அடையுங்கள். தரை டைல்ஸைப் பெயர்க்கும்போது அடியிலுள்ள நீர்த்தடுப்புப் படலமும் கிழிந்துவிடும். புதிதாகப் பூசித் தண்ணீர் தேக்கிச் சோதிக்காமல் அங்கே குளித்தால் கீழே இறங்கத்தான் செய்யும்.

சட்டத்திலும் இதற்குப் பெரிய விளைவு உண்டு. ஒரு வீட்டை இடித்தபோது அண்டை வீடு சேதமான வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது: சுயேச்சைக் குத்தகையாளரின் (உங்கள் ஊழியராக இல்லாமல் தனித் தொழிலாகச் செய்பவரின்) கவனக்குறைவுக்கு, அவரைக் கவனமாகத் தேர்ந்தெடுத்த வீட்டுக்காரர் பொறுப்பாகமாட்டார். ஆனால் ஒழுகுகிறது என்று தெரிந்த பிறகும் தண்ணீர் விட்டால் அது உங்கள் சொந்தத் தவறு. அந்தத் தீர்ப்பின் நிழலில் ஒதுங்க முடியாது.

‘கவனமாகத் தேர்ந்தெடுத்தேன்’ என்று எப்படிக் காட்டுவது? வீவகவின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின்) புதுப்பிப்புக் குத்தகையாளர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா பாருங்கள். பிறகு வீவக அனுமதிக் கடிதத்தில் யார் பெயர், கொட்டேஷனில் (விலை எழுதித் தந்த தாளில்) யார் பெயர், பேநவ் (மின்வழிப் பணமாற்று) பணம் யாருக்குப் போனது என்று மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பட்டியலில் உள்ள ஒருவர் பெயரில் அனுமதி வாங்கிவிட்டு வேறொருவர் ஆள் அனுப்புவது இந்தத் தொழிலில் புதிதல்ல. பெயர்கள் பொருந்தாவிட்டால் உங்கள் நிலை பலவீனம். யார்மீது வழக்குப் போடுவது என்பதும் சிக்கலாகும்.

சுவர் செங்கல் சுவராக இருந்தாலும் வீவக அனுமதி வேண்டும். உடைத்த இடத்தில் இரும்புக் கம்பி தெரிந்தால் அது கட்டடத்தைத் தாங்கும் சுவராக இருக்கலாம்; யாரையும் தொடவிடாமல் வீவகவிடம் நீங்களே சொல்லுங்கள். அனுமதியில்லாத வேலைக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் வரலாம். ‘குத்தகையாளர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன்’ என்பது அங்கே எடுபடாது.

1,600 வெள்ளி விஷயம் கொட்டேஷனிலேயே முடிந்துவிடும். ‘உடைத்து அகற்றுதல்’ என்று மொத்த விலை எழுதியிருந்தால் தனியாகக் கேட்க அவருக்கு உரிமையில்லை. ‘உடைத்தல்’ என்று மட்டும் இருந்தால் வாட்ஸ்அப்பில் பேசியதைத் தேடுங்கள். மீதி 2,800 வெள்ளியை இப்போது கொடுக்கவேண்டாம்.

அடுத்த ஆளைக் கூப்பிடும் முன், இருக்கிற நிலையைத் தேதியோடு படமெடுங்கள். கீழ்வீட்டுக் கூரையையும் சேர்த்து. 7 நாளுக்குள் வந்து முடிக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து, வேறு ஆளை வைத்து முடிக்கும் கூடுதல் செலவு அவருடையது என்று எழுத்தில் அனுப்புங்கள். கெடு முடிந்ததும் பட்டியலில் உள்ள இருவரிடம் விலை வாங்குங்கள். மீதி வேலைக்கு 5,500 ஆகிறது என்றால், கையில் வைத்திருக்கும் 2,800ஐக் கழித்து 2,700தான் கேட்கமுடியும். கொடுத்த 7,000ஐயும் முழுசாகத் திருப்பிக் கேட்டுத் தோற்பவர்கள்தான் அதிகம். செய்த வேலைக்கு மதிப்பு உண்டு.

இந்தத் தொகைக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் போதும். வரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் இணையம்வழி மனுச் செய்யவேண்டும். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட பயனீட்டாளர் மனுவுக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். வழக்கறிஞர் அங்கே உங்களுக்காகப் பேசமுடியாது, ஆகவே வழக்கறிஞரான எனக்குக் கட்டணம் தரும் வேலையும் இல்லை. கீழ்வீட்டுக் கூரையைச் சரிசெய்ய நீங்கள் ஏதாவது கொடுத்தால் ரசீது வாங்கி அந்தத் தொகையையும் மனுவில் சேருங்கள். ஆனால் தண்ணீர் விட்ட நாட்களின் சேதத்தைக் குத்தகையாளர் தலையில் கட்டமுடியாது.