36 வயது முன்கள வீரரும் 19 வயதுப் பையனும்

வணக்கம் ஐயா,

எங்கள் ஊர்க் கழகம் இந்தப் பருவ உதைபந்தாட்ட லீக்குக்கு ஆயத்தமாகிறது. தேசிய அணியில் ஆடிய முன்கள வீரர் ஒருவருக்கு இப்போது எந்தக் கழகத்துடனும் ஒப்பந்தம் இல்லை. வேகத்துக்குப் பெயர் எடுத்தவர், வயது 36. ஒரு பருவத்துக்கு 15 இலட்சம் ரூபாய் கேட்கிறார். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் ஊரவர்கள் காசு தரத் தயார். "ஆள் சும்மா கிடைக்கிறார், விடக் கூடாது" என்கிறது நிர்வாகத்தில் பாதி. சென்ற ஆண்டு அந்த இடத்தில் ஆடியவன் எங்கள் ஊர்ப் பையன், 19 வயது. என்ன செய்யலாம்?

ஒரு கழகச் செயலாளர், வடமராட்சி

அன்புள்ள தம்பி,

வேண்டாம் என்பதே என் பதில்.

முதலில் அந்தச் 'சும்மா'வைப் பார்ப்போம். 1995 டிசம்பரில் பெல்ஜிய வீரர் பொஸ்மன் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்த வீரர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இன்னொரு நாட்டுக் கழகத்துக்குப் போகும்போது பழைய கழகம் காசு கேட்டு மறிக்க முடியாது என்று ஆயிற்று. அதற்காகக் கழகங்களின் செலவு குறைந்துவிடவில்லை. பழைய கழகத்துக்குப் போன பணம், சம்பளமாகவும் ஒப்பமிடும் தொகையாகவும் வீரரின் கைக்குப் போகத் தொடங்கியது. உங்கள் 15 இலட்சமும் அதுதான்.

வயதானவர் என்பதற்காக நான் மறுக்கவில்லை. 2011இல் இத்தாலியின் ஏசி மிலான் கழகம் போகவிட்ட பிர்லோவுக்கு வயது 32. ஜுவென்டஸ் கழகம் பழைய கழகத்துக்குக் காசு கொடுக்காமல் அவரை எடுத்து, அடுத்த நான்கு பருவமும் இத்தாலிய லீக்கை வென்றது. தியாகோ சில்வா 35 வயதில் இங்கிலாந்தின் செல்சி கழகத்துக்கு வந்தார். அடுத்த மே மாதம் சாம்பியன்ஸ் லீக் கிண்ணம் செல்சியிடம் இருந்தது. ஒருவர் நடுக்களம், மற்றவர் பின்களம். இருவரும் கண்ணால் ஆடியவர்கள். வேகத்தால் பிழைக்கும் முன்கள வீரருக்கோ முதல் நாலைந்து எட்டு வைக்கும் வேகந்தான் சோறு. வயது முதலில் கை வைப்பதும் அங்கேதான்.

முன்கள வீரர் இப்ராகிமோவிச்சைச் சொல்வார்கள். 34 வயதில் மன்செஸ்டர் யுனைட்டட்டுக்கு வந்து முதல் பருவத்தில் 28 கோல் அடித்தார், உண்மை. ஆறடி ஐந்தங்குல உயரத்தை வைத்து ஆடியவர் அவர். அவருக்கே அந்தப் பருவம் முடியுமுன் முழங்கால் தசைநார் கிழிந்தது. அதுவும் பஞ்சு போன்ற புல்தரையில். ஆடி மாதச் சோளகத்தில் புல் கருகிச் சீமெந்தாகக் கிடக்கும் நம் மைதானங்களை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் ஊரில் நான் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். நாற்பதை நெருங்கிய பின்கள வீரர். காலையில் மீன் சந்தை, மாலையில் மைதானம். ஓடவே மாட்டார். பந்து எதிர்ப்பக்கம் போகும்போதெல்லாம் இடப்பக்கம் நின்ற பையனின் சட்டையைப் பிடித்து இரண்டடி பின்னே இழுத்து விடுவார். பையனுக்கு முகம் சிவக்கும். மூன்றாவது போட்டியில் அவர் கை நீட்டினார், சட்டை அகப்படவில்லை. பையன் தானாகவே பின்னே போய் நின்றிருந்தான். அந்த மனிதர் நீட்டிய கையைச் சாரத்தில் துடைப்பதுபோல் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு சிரித்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

அப்படி ஒரு ஆள் கிடைத்தால் எடுங்கள், 36 என்ன, 38 ஆனாலும் எடுங்கள். ஆனால் காசை மொத்தமாகக் கொடுக்காமல் ஆடிய போட்டிக்கு இவ்வளவு என்று எழுதுங்கள். 2021 ஜூலையில் பரிஸ் கழகம் 35 வயதுப் பின்கள வீரர் ராமோஸை ஒப்பந்தம் செய்தது. காயத்தால் அவர் முதல் போட்டியில் இறங்க நவம்பர் கடைசி ஆகிவிட்டது. பரிஸ் அதைத் தாங்கும், ஊர்க் கழகம் தாங்காது. மிச்சக் காசில் மைதானத்துக்குத் தண்ணீர் விடுங்கள். பையன்களின் காயத்தைப் பார்க்க வாரம் இருமுறை ஒருவரை வரவழையுங்கள்.

உங்கள் 19 வயதுப் பையன் ஒரு பருவம் முழுக்க வாங்கில் இருந்தால் அடுத்த பருவம் மைதானத்துக்கு வருவானா? வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர்கள் நம் ஊர்களில் எந்த வாசலில் நிற்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நிர்வாகம் எதைத் தீர்மானித்தாலும் அவனிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். சந்தியில் யாரோ சொல்லி அவன் கேட்கக் கூடாது.