ஒக்டோபர் கடைசியில ஸ்டாம்ப்ட் கொங்கிறீட் போடலாமோ?

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில ஏஜாக்ஸில இருந்து ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டிருக்கிறா. பின்வளவில ஒரு பேட்டியோவும், முன்பக்கம் டிரைவ்வேயில இருந்து வாசலுக்கு ஒரு நடைபாதையும் ஸ்டாம்ப்ட் கொங்கிறீட்டில, அதாவது இறுக முதல் மேல அச்சுக் குத்தி எடுக்கிற கொங்கிறீட்டில, போட விருப்பமாம், கருங்கல் பதிச்ச மாதிரி டிசைன். ஒரு கொன்ட்ராக்டர் ஒக்டோபர் கடைசியில நாள் இருக்கு, அப்ப செய்தால் விலை குறைச்சுத் தாறன் எண்டு சொல்லியிருக்கிறார். ஆனால் பக்கத்து வீட்டில போட்டது முதல் விண்டர் முடியவே பொருக்குப் பொருக்கா கழண்டு போச்சாம். இந்தக் குளிருக்கு இது சரிவருமோ, உப்புப் போடலாமோ, இப்பவே போட்டால் என்ன எண்டு கேக்கிறா.

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிவிடுறன். இப்ப போடாதேங்கோ. அவர் எவ்வளவு குறைச்சாலும் பரவாயில்லை, மே மாதம் வரைக்கும் பொறுங்கோ.

கொங்கிறீட் காய்ஞ்சு இறுகிற சாமான் இல்லை. சீமெந்தும் தண்ணியும் சேர்ந்து நடக்கிற ரசாயன வேலையாலதான் அது இறுகுது, குளிர் கூடக்கூட அந்த வேலை மெதுவாகிக்கொண்டு போகும். கனடாவில சிஎஸ்ஏ ஏ23.1 எண்டு ஒரு தரவிதி இருக்கு, வெப்பநிலை 5 பாகையிலயோ அதுக்குக் கீழயோ இருந்தால், இல்லாட்டி 24 மணித்தியாலத்துக்குள்ள அப்பிடி இறங்கும்போல இருந்தால், அதைக் குளிர்கால வேலையா எடுத்துப் பாதுகாக்கோணும் எண்டு அது சொல்லுது. ஒக்டோபர் கடைசியில இரவு எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்கே தெரியும். சாதாரண சாம்பல் நிறக் கொங்கிறீட் எண்டால் சுடுதண்ணியில கலந்து மேல கனமான பிளாங்கெட்டால மூடிச் சமாளிக்கலாம், பாலங்கள், மாடிக் கட்டடங்கள் எல்லாம் நடு விண்டரிலயும் போடுறாங்கள்தானே. ஆனால் கலர் போட்ட கொங்கிறீட்டில பிளாங்கெட் முட்டின இடம் ஒரு நிறமாயும் முட்டாத இடம் வேற நிறமாயும் வரும். கெதியா இறுகட்டும் எண்டு கல்சியம் குளோரைட் கலந்தால் திட்டுத் திட்டா கறுத்துப்போகும். குளோரைட் இல்லாத அக்சிலரேட்டரும் இருக்கு, அது கொஞ்சம் உதவும், அதுக்காக வெளியில இருக்கிற குளிர் இல்லாமல் போகாது.

சரி, எப்பிடியோ இறுகிவிட்டுது எண்டு வைப்பம். அதுக்குப் பிறகும் புதுக் கொங்கிறீட் உப்பைத் தாங்கிறதுக்கு முதல் ஒரு கிழமையாவது ஈரமும் சூடும் குறையாமல் வடிவா இறுகி (அதைத்தான் கியூர் எண்டுறது), பிறகு ஒரு மாதமாவது வெறும் காத்தில காயோணும். உள்ளுக்குள்ள இருக்கிற மிச்சத் தண்ணி வெளியேற அந்த ஒரு மாதம் கட்டாயம் வேணும். ஒக்டோபர் கடைசியில போட்டால் நவம்பர் முழுக்க மழையும் ஈரமும், பிறகு ஸ்நோ, அது காயிறது எப்ப? ஈரத்தோடயே உறைபனிக்குள்ள போகும். பக்கத்து வீட்டுக்காரர் எந்த மாதம் போட்டவர் எண்டு ஒருக்கா கேட்டுப் பாருங்கோ, பதில் செப்டம்பர் கடைசிக்குப் பிறகு எண்டு வந்தால் பாதிக் காரணம் அங்கயே கிடைச்சுது. என்னைக் கேட்டால் எங்கட பக்கம் மே தொடக்கம் செப்டம்பர் நடுப்பகுதி வரைக்கும்தான் கலர் வேலைக்குச் சரியான காலம்.

மற்றப் பாதிக் காரணம் கலவையிலயும் கைவேலையிலயும் இருக்கு. தண்ணி உறையேக்க கிட்டத்தட்ட 9 வீதம் பருக்கும். கொங்கிறீட் பார்க்கக் கல்லு மாதிரி இருந்தாலும் உள்ளுக்கு மயிரிழையை விடச் சின்னத் துளைகள் நிறைய, அதுக்குள்ள தண்ணி நிண்டு உறைஞ்சால் பருக்க இடமில்லாமல் உள்ளுக்குள்ளேயே அழுத்தி வெடிக்கப்பண்ணும். இதுக்கு மருந்து காத்து. கலக்கேக்க ஒரு ரசாயனம் சேர்த்து கண்ணுக்குத் தெரியாத அளவு காத்துக் குமிழிகளைக் கோடிக்கணக்கில உள்ளுக்க விடுறது, உறையிற தண்ணி அந்தக் குமிழிக்குள்ள தள்ளுப்பட்டுப் போகும். 1930களில அமெரிக்காவில ரோட்டுகளைக் கவனிச்ச இடத்திலதான் இது பிடிபட்டது, சில ரோட்டுகள் மட்டும் குளிருக்குத் தாங்குது ஏன் எண்டு தேடிப்போனால் அந்தச் சீமெந்து அரைக்கேக்க சேர்த்த மாட்டுக் கொழுப்பு குமிழியை உண்டாக்கியிருக்கு. இண்டைக்கு சிஎஸ்ஏ விதியில உப்பும் உறைபனியும் படுற வெளி சிலாப்புக்கு சி-2 எண்டு ஒரு வகுப்பு இருக்கு: 28 நாளில 32 மெகாபாஸ்கல் (எம்பிஏ) வலு, தண்ணி-சீமெந்து விகிதம் 0.45க்கு மேல போகக்கூடாது, வழமையான 20 மில்லிமீற்றர் சல்லியோட எண்டால் காத்து 5 தொடக்கம் 8 வீதம். கொன்ட்ராக்டரோட கதைக்கேக்க "சி-2, 32 எம்பிஏ, எயார்" எண்டு சொல்லுங்கோ, தொழில் தெரிஞ்சவர் உடன தலையாட்டுவார். ரெடிமிக்ஸ் ட்ரக் வரேக்க ட்ரைவர் ஒரு டிக்கெட் தருவார், என்ன கலவை, எத்தினை மணிக்குக் கலந்தது எல்லாம் அதில இருக்கும், அதை ஃபோனில படம் எடுத்து வையுங்கோ.

இன்னொரு விஷயம். குளிர் எண்டால் வினிப்பெக்தான் மோசம் எண்டு கனபேர் நினைக்கினம், ஆனால் கொங்கிறீட்டுக்கு ரொறன்ரோப் பக்கம்தான் கூடக் கரைச்சல். அங்க உறைஞ்சால் மாதக்கணக்கில உறைஞ்சபடியே கிடக்கும், இங்க பகலில கரைஞ்சு இரவில திரும்ப உறையும், ஒரு விண்டருக்குள்ள எத்தினையோ தரம், ஒவ்வொரு தரமும் கொங்கிறீட்டுக்கு ஒரு அடி. இந்த ஸ்டாம்ப் பண்ணுற முறையே 1950களில கலிபோர்னியாவில பிராட் பௌமன் எண்டவர் தொடக்கின வேலை, கடற்கரையோர மிதமான ஊர். அங்க எழுதின முறைகளை அப்பிடியே இங்க செய்யிறதுதான் பல இடத்தில பிழைக்கிறது.

கைவேலை எண்டு சொன்னன் அல்லோ, உங்கட பக்கத்து வீட்டில நடந்த மாதிரிப் பொருக்கு எழும்புறது பெரும்பாலும் இதாலதான். கழண்டு போறது மேல இருக்கிற சில மில்லிமீற்றர் மட்டும், கீழ சிலாப் திடமாத்தான் இருக்கும். அந்த மேல்தோலை ஆர் பலவீனமாக்கினது? ஸ்டாம்ப் பண்ணுறதுக்கு நேரம் கணக்குப் பிடிக்கோணும், பிந்தினால் கொங்கிறீட் இறுகி அச்சு பதியாது, அந்த நேரம் கொஞ்சம் தண்ணியைத் தெளிச்சு இளக்கிப் போட்டு ரப்பர் அச்சை வைச்சுக் குத்துவினம். தெளிச்ச தண்ணி முழுக்க மேற்தோலுக்குள்ளதான் போகுது, 0.45 எண்டு கவனமாக் கலந்து வந்ததை அந்த இடத்தில கெடுத்தாச்சு. அதே மாதிரித்தான் கொட்டேக்க வேலை லேசா இருக்கட்டும் எண்டு ட்ரக்கில தண்ணி கூட்டச் சொல்லுறதும். இளக்கம் வேணுமெண்டால் தண்ணி கூட்டாமலே இளக்கிற சூப்பர் பிளாஸ்டிசைசர் எண்ட மருந்தைக் கேக்கட்டும், பைப்பைத் திறக்கவேண்டாம். மற்றது, கொட்டின பிறகு மேல கசியிற தண்ணி போக முதல் அதை உள்ளுக்க தேய்ச்சு விடுறது, இரும்புக் கரண்டியால பளபளக்கத் தேய்க்கிறது, இதெல்லாம் குமிழிகளை மேலிருந்து கலைச்சுவிடும், மேலுக்கு ஒரு மெல்லிய தகடு மாதிரி அடைச்சுக்கொள்ளும், பிறகு அதுதான் கழருது. வெளிவேலைக்கு மக்னீசிய ஃப்ளோட் எண்ட தேய்ப்புப் பலகையால அளவாத் தேய்ச்சால் காணும்.

கலருக்கும் இதில பங்கு இருக்கு. ஒண்டு கலவைக்குள்ளயே நிறத்தைச் சேர்க்கிறது, மற்றது ஹார்ட்னர் எண்டு நிறத்தூளை மேல தூவித் தேய்க்கிறது. தூவினால் நிறம் நல்லா எடுக்கும், மேற்பரப்பும் வலுவாகும், பொய்யில்லை. ஆனால் குமிழி உள்ள கொங்கிறீட்டில கசிவுத் தண்ணி குறைவு, தூள் நனையாது, நனையேல்லை எண்டு தண்ணி தெளிப்பினம், திரும்ப மேல சொன்ன கதைதான். கை தேர்ந்த ஆக்கள் இதை அருமையாச் செய்வினம், நான் மறுக்கேல்லை, ஆனால் ஆளைத் தெரியாமல் ஒப்பந்தம் போடுறீங்கள் எண்டால் உள்ளுக்கே கலந்த நிறத்தைக் கேளுங்கோ. டிசைனும் ஆழமான பள்ளம் உள்ளதா எடுக்காதேங்கோ, பள்ளத்தில தண்ணி நிண்டு ஐஸாகும், லேசான கல் மேற்பரப்பு மாதிரி அச்சுப் பாய்கள் இருக்கு, அதுதான் நடக்கவும் ஸ்நோ தள்ளவும் வசதி.

கீழ் மண்ணைப் பற்றி ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லேல்லைப் போல. உங்கட வீடு புதுசா வந்த சப்டிவிஷனில எண்டால் சுவரைச் சுத்தி பில்டர் திருப்பி நிரப்பின மண், அது வருஷக்கணக்கில இருந்து இருந்து இறங்கும், அதுக்கு மேல சிலாப் போட்டால் சிலாப்பும் வீட்டுப் பக்கமா சரியும், தண்ணி பேஸ்மென்டுக்கு ஓடும். எங்கட பக்கம் உறைபனி 1.2 மீற்றர் ஆழம் வரைக்கும் போகும் எண்டுதான் அத்திவாரத்துக்குக் கணக்கு எடுக்கிறது. பேட்டியோவுக்கு அவ்வளவு ஆழம் ஒருத்தரும் தோண்டுறேல்லை, ஆனபடியால் சிலாப் கொஞ்சம் எழும்பி இறங்கத்தான் செய்யும், எல்லா இடமும் ஒரே அளவா எழும்பி இறங்கோணும் எண்டதுதான் முக்கியம். களிமண்ணை வெட்டி எடுத்து 6 அங்குலமாவது உடைச்ச சல்லி போட்டு, படை படையா இயந்திரத்தால இறுக்கோணும், தண்ணி கீழ நிக்காமல் வடியோணும். வீட்டில இருந்து வெளிப்பக்கமா அடிக்கு கால் அங்குலம் சரிவு. சிலாப் வீட்டுச் சுவரோடயோ படியோடயோ ஒட்டக்கூடாது, இடையில ஃபோம் பட்டி வைச்சுப் பிரிச்சு விடோணும். வாசல்கதவு வெளியால திறக்கிறது எண்டால் சிலாப்பை அதுக்குப் போதுமான அளவு பதிச்சுப் போடச் சொல்லுங்கோ, இல்லாட்டி ஜனவரியில கதவு சிலாப்பில இடிச்சுத் திறக்க ஏலாமல் நிப்பியள். சம்ப் பம்ப் தண்ணியும் பீலித் தண்ணியும் சிலாப்புக்கு மேல விழாமல் திருப்புங்கோ. தோண்ட முதல் ஒன்டாரியோ வன் கோலுக்கு அறிவிக்கோணும், அது சட்டம், காசும் இல்லை, காஸ் லைன் எங்க போகுது எண்டு வந்து அடையாளம் போட்டுவிட்டுப் போவினம்.

தடிப்பு பேட்டியோவுக்கும் நடைபாதைக்கும் 4 அங்குலம், கார் ஏறுற இடமெண்டால் 5, 6. கம்பி போடுறது வெடிக்காமல் இருக்கிறதுக்கு இல்லை, வெடிச்சாலும் பிரியாமல் பிடிச்சு வைக்க, அதுவும் சல்லியில கிடந்தால் பிரயோசனமில்லை, கட்டை வைச்சுத் தூக்கி நடுவில நிக்கோணும். கொங்கிறீட் எப்பிடியும் வெடிக்கும், எங்க வெடிக்கோணும் எண்டதை நாங்கள் தீர்மானிக்கிறம், அதுக்குத்தான் 8, 10 அடிக்கு ஒருக்கா தடிப்பில காற்பங்கு ஆழத்துக்கு வெட்டு வைக்கிறது. டிசைன் பழுதாப்போகும், வெட்டவேண்டாம் எண்டு கனபேர் கேப்பினம். கேக்காதேங்கோ. டிசைன் கோட்டோட பொருந்திவாற மாதிரி எங்க வெட்டலாம் எண்டு முதலே கீறிப் பார்க்கச் சொல்லுங்கோ.

மேல பூசுற பாதுகாப்புப் பூச்சுத்தான் சீலர், அதை 28 நாளுக்குப் பிறகு, காய்ஞ்ச நாளில, 10 பாகைக்கு மேல இருக்கேக்க, மெல்லிசா இரண்டு பூச்சு. தடிப்பா அடிச்சால் ஈரம் உள்ளுக்க மாட்டுப்பட்டு வெள்ளையாப் பூத்து உரியும். பளபள எண்டு இருக்கிற அக்ரிலிக் சீலர் வழுக்கும், அதில வழுக்காத தூள் கலக்கச் சொல்லுறது கட்டாயம், வீட்டில வயசான அம்மா அப்பா இருந்தால் சொல்லத் தேவையில்லை. இரண்டு மூண்டு வருஷத்துக்கு ஒருக்கா திரும்ப அடிக்கோணும், அந்தச் செலவையும் இப்பவே கணக்கில சேருங்கோ.

உப்பு. முதல் விண்டர் ஒரு உப்பும் வேண்டாம், மணல் மட்டும் போடுங்கோ. அதுக்குப் பிறகும் முடிஞ்ச அளவு ஸ்நோவைக் கெதியாத் தள்ளி, மணல் போட்டுச் சமாளிச்சால் நல்லம். உப்பு ஐஸைக் கரைச்சு மேற்பரப்பை எப்பவும் ஈரமா வைச்சிருக்கும், அந்த ஈரம் திரும்ப உறையும், அதாலதான் கேடு. "கொங்கிறீட்டுக்குப் பாதுகாப்பு" எண்டு பையில எழுதியிருந்தாலும் பின்பக்கத்தைத் திருப்பி வாசியுங்கோ, அமோனியம் நைத்திரேற்றோ அமோனியம் சல்பேற்றோ இருந்தால் வாங்காதேங்கோ, அது கொங்கிறீட்டையே நேரடியா அரிக்கும், பசளையை உப்புக்குப் பதிலாப் போடக்கூடாது எண்டுறதும் இதாலதான். ஸ்நோ தள்ளுற ஷவல் பிளாஸ்டிக்கா இருக்கட்டும்.

உங்களுக்கு என்ர யோசனை, இரண்டு இடத்துக்கும் ஒரே சாமானைப் போடவேண்டாம். பின்வளவுப் பேட்டியோவில விண்டரில ஒருத்தரும் நடக்கிறதில்லை, உப்பும் தேவையில்லை, அங்க ஸ்டாம்ப்ட் வடிவா இருக்கும், வருஷக்கணக்கில நிக்கும். முன்நடைபாதையில தபால்காரர் வாறார், பிள்ளையள் பள்ளிக்கூடம் போகுதுகள், ஐஸ் இருந்தால் நீங்கள் உப்புப் போடத்தான் போறீங்கள். அங்க தும்புத்தடி இழுத்த சாதாரண கொங்கிறீட் நடுவிலயும், கரையில மட்டும் ஸ்டாம்ப் பட்டியும் போட்டால் வழுக்காது, பேட்டியோவோட பொருந்தியும் இருக்கும். இல்லாட்டி தனித்தனிக் கல்லா அடுக்கிற இன்டர்லொக் போடுங்கோ, கீழ மண் இறங்கினாலும் கல்லைக் கழட்டித் திரும்ப மட்டம் பண்ணலாம், சிலாப்பில அது ஏலாது.

இந்த விண்டரை வீணாக்கவேண்டாம். உங்கட கொன்ட்ராக்டரிட்ட அவர் நாலைஞ்சு வருஷத்துக்கு முதல் போட்ட வேலைகளின்ர விலாசம் கேளுங்கோ, போன கிழமை போட்டதின்ர படம் எங்களுக்குத் தேவையில்லை. மார்ச்சில ஸ்நோ கரையேக்க வீட்டுக்காரரிட்ட கேட்டுக்கொண்டு போய்ப் பாருங்கோ, படிக்குக் கிட்டவும் டிரைவ்வே கரையிலயும் குனிஞ்சு பாருங்கோ, கழண்டிருந்தால் அங்கதான் முதல்ல தெரியும். நல்ல ஆக்களுக்கு ஏப்ரல் வரவே நாள் நிரம்பிவிடும், ஆனபடியால் பெப்ரவரியிலயே விலை கேட்டு எழுதி எடுங்கோ. சி-2 கலவை, சல்லித் தடிப்பு, வெட்டு எங்க, சீலர் எப்ப, தண்ணி தெளிக்கிறேல்லை எண்டது, எல்லாம் எழுத்தில வாங்கிப்போட்டு அட்வான்ஸைக் குடுங்கோ.