கேள்வி நேரம்: மீன்ஸ் டெஸ்ட்

கேள்வி: 1930-களில் பிரிட்டனில் வேலையில்லாதோருக்கு அரசே பணம் கொடுத்தும், மக்கள் ஏன் கொதித்தார்கள்?

பதில்: பணத்தைக் குறைத்ததைவிட, அதைக் கொடுத்த விதம்தான் காரணம். முதலில் குறைப்பு: 1931-இல் ஆணுக்கு வாரம் 17 ஷில்லிங் என்பது 15 ஷில்லிங் 3 பென்ஸ் ஆனது. மனைவிக்கு 9 என்பது 8. பிள்ளைக்குரிய 2 ஷில்லிங்கில் கை வைக்கவில்லை. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உள்ளவர் கைக்கு 32-க்குப் பதில் 29 ஷில்லிங் 3 பென்ஸ்தான் வந்தது.

26 வாரக் காப்பீட்டுத் தொகை தீர்ந்ததும் அடுத்த இடி. மனு உள்ளூர்ப் பொது உதவிக் குழுவுக்குப் போகும். அதிகாரி வீட்டுக்கே வந்து மகன் சம்பளம், மகள் சம்பளம், தாத்தாவின் பென்ஷன், சேமிப்பு எல்லாவற்றையும் கூட்டுவார். கூட்டலுக்கேற்ப அப்பாவின் தொகை சுருங்கும். இந்தக் குடும்ப வருமானச் சோதனைதான் ‘மீன்ஸ் டெஸ்ட்’. மகன் சம்பாதித்தால் அப்பாவுக்கு வெட்டு! அதனால் வேலைக்குப் போகும் பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனார்கள். கணக்குக்காகவே குடும்பம் பிரிந்தது.

தாராளமாகக் கொடுத்த குழுக்களும் உண்டு. ராதர்ஹாம், டர்ஹாம் குழுக்களின் அதிகாரத்தை 1932-இல் லண்டனிலிருந்த மத்திய அரசு பறித்து, தான் நியமித்த ஆணையர்களிடம் தந்தது.

நாடெங்கும் ஒரே விகிதம் என்று 1935 ஜனவரியில் உள்ளூர்க் குழுக்களுக்குப் பதிலாகப் புதிய வேலையில்லாதோர் உதவி வாரியம் பணம் கொடுக்கத் தொடங்கியது. பலருக்குப் பழையதைவிடக் குறைவு. தெற்கு வேல்ஸே தெருவில் இறங்கியது. பிப்ரவரியிலேயே அரசு பணிந்தது: பழையது, புதியது இரண்டில் எது அதிகமோ அதுவே கிடைக்கும். குடும்ப வருமானக் கூட்டல் மட்டும் 1941 வரை போகவில்லை.