எஃப்பிஜிஏவில் பழைய கணினி: சொல்லில் தடுக்கியவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

எஃப்பிஜிஏ என்ற, நாமே மாற்றி அமைக்கக்கூடிய சிப்பில் பழைய கணினிகளையும் வீடியோ கேம் இயந்திரங்களையும் மறுபடி உருவாக்குவது பற்றி எனக்கு வந்த கேள்விகளைப் பிரித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் சொல்லில்தான் சிக்கல். ஒரே சொல்லை மென்பொருள்காரர் ஒரு பொருளிலும் சிப் வடிவமைப்பவர் வேறொரு பொருளிலும் சொல்கிறார்கள். நடுவில் நிற்பவருக்குக் குழப்பம் வராமல் என்ன செய்யும்? முடிந்தவரை சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எஃப்பிஜிஏ என்பது ஒருவகை பிராசஸரா? அதற்குள் நிரல் ஓடுகிறதா?

இல்லை. பிராசஸர் என்றால் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் செய்யும். எஃப்பிஜிஏவைப் பெட்டியைத் திறந்த அன்று பார்த்தால் எந்த வேலையும் தெரியாத ஜடம். உள்ளே ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன லாஜிக் துண்டுகள், அவற்றுக்கிடையே எப்படி வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளக்கூடிய கம்பிகள். எந்தத் துண்டு எதைச் செய்ய வேண்டும், எந்தக் கம்பி எதோடு சேர வேண்டும் என்று நாம் சொன்ன பிறகு அது அந்தச் சுற்றாகவே ஆகிவிடும். வாங்கியவர் தன் மேசையிலேயே மாற்றி அமைத்துக்கொள்ளலாம் என்பதால்தான் பெயரிலேயே 'ஃபீல்டு ப்ரோக்ராமபிள்' என்று இருக்கிறது. சைலின்க்ஸ் நிறுவனம் 1985-இல் கொண்டுவந்த எக்ஸ்சி2064-இல் இப்படிப்பட்ட துண்டுகள் மொத்தமே 64.

கேள்வி: அந்த 'லாஜிக் துண்டு' உள்ளே என்னதான் இருக்கிறது? ஆண்ட் கேட், ஆர் கேட் எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்களா?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். உண்மையில் இருப்பது ஒரு குட்டி நினைவகம். அதற்கு லுக்-அப் டேபிள் என்று பெயர். 'லட்' என்றே சொல்வோம்.

ஒரு மாடிப்படி விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். இரண்டும் ஒரே நிலையில் இருந்தால் விளக்கு அணையும், மாறி இருந்தால் எரியும். சுவிட்சுகளின் நிலை நான்கு விதமாகத்தான் இருக்க முடியும்: 00, 01, 10, 11. அவற்றுக்கான விடைகள் 0, 1, 1, 0. இந்த நான்கு பிட்டையும் நினைவகத்தில் எழுதி, சுவிட்சுகளை அதன் முகவரிக் கம்பிகளாக இணைத்துவிட்டால் போதும். கேட் எதுவும் இல்லாமலே எக்ஸார் கேட் கிடைத்துவிட்டது. அதே இடத்தில் 0, 0, 0, 1 என்று எழுதினால் ஆண்ட் கேட். நான்கு உள்ளீடு உள்ள லட்டுக்கு 16 பிட், ஆறு உள்ளீட்டுக்கு 64 பிட்.

ஒவ்வொரு லட்டின் பக்கத்திலும் ஒரு ஃபிளிப்-ஃபிளாப் இருக்கும். க்ளாக், அதாவது சுற்று முழுவதற்கும் தாளம் போடும் சிக்னல், தட்டும்போது மட்டும் தன் மதிப்பை மாற்றிக்கொண்டு, அடுத்த தட்டு வரை பிடித்து வைத்திருக்கும். கணக்குப் போடுவது லட், நினைவில் வைப்பது ஃபிளிப்-ஃபிளாப். மற்றதெல்லாம் இந்த இரண்டின் மேல் எழுப்பியதுதான்.

கேள்வி: அண்ணா, எனக்கு சி, பைத்தான் தெரியும். வெரிலாக் பார்த்தால் சி மாதிரியே இருக்கிறது. இரண்டு நாளில் பிடித்துவிடலாமா?

அந்த 'மாதிரியே' தான் ஆபத்து தம்பி. வெரிலாக்கும் விஹெச்டிஎல்லும் வன்பொருள் விவரிப்பு மொழிகள். பெயரில் உள்ள 'விவரிப்பு' என்ற சொல்லைக் கவனியுங்கள். சி-யில் பத்து வரி எழுதினால் அவை ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். வெரிலாக்கில் பத்து ஆல்வேஸ் பிளாக் (ஒரு சுற்றை விவரிக்கும் பகுதி) எழுதினால் பத்துச் சுற்றுகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் இயங்கும். எட்டு முறைக்கு ஃபார் லூப் எழுதினால் அது எட்டு முறை சுற்றாது, எட்டு பிரதிகள் வெட்டி ஒட்டப்படும்.

ஒரு சோதனை சொல்கிறேன். ஒரு க்ளாக் தட்டில் அ-வுக்கு ஆ-வின் மதிப்பையும் ஆ-வுக்கு அ-வின் மதிப்பையும் கொடுங்கள், நான்-பிளாக்கிங் குறியான <= போட்டு. தற்காலிக மாறி இல்லாமலே இரண்டும் இடம் மாறிவிடும். ஏன் என்று உங்களுக்கே புரிந்த அன்று வெரிலாக் பாதி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிந்தசிஸ், பிளேஸ் அண்ட் ரூட், பிட்ஸ்ட்ரீம். இந்த மூன்றும் ஒரே வேலையின் மூன்று பெயர்களா?

மூன்றும் வரிசையாக வரும் படிகள். நீங்கள் எழுதியதைப் படித்து லட்களாகவும் ஃபிளிப்-ஃபிளாப்களாகவும் மாற்றுவது சிந்தசிஸ். அவை சிப்பில் எந்த மூலையில் உட்கார வேண்டும், எந்தக் கம்பி வழியாகப் பேச வேண்டும் என்று முடிவு செய்வது பிளேஸ் அண்ட் ரூட். நேரத்தை விழுங்குவது பெரும்பாலும் இதுதான். கடைசியில் வரும், சிப்பில் ஏற்ற வேண்டிய கோப்பு பிட்ஸ்ட்ரீம்.

பெரும்பாலான எஃப்பிஜிஏக்கள் அந்தப் பிட்ஸ்ட்ரீமை எஸ்ரேம் என்ற நினைவகத்தில் வைத்திருப்பதால், கரண்ட் போனால் எல்லாம் மறந்துவிடும். ஒவ்வொரு முறையும் வெளியே உள்ள ஃபிளாஷ் நினைவகத்திலிருந்தோ எஸ்டி கார்டிலிருந்தோ ஏற்ற வேண்டும். ஒரே போர்டு இப்போது அமிகா என்ற பழைய கணினியாகவும் அடுத்த நிமிடம் வேறொரு கணினியாகவும் மாற முடிவது இதனால்தான்.

கேள்வி: 'எஃப்பிஜிஏவில் நடப்பது எமுலேஷன் இல்லை, அசல் வன்பொருள்' என்கிறார்கள். சிலர் சிமுலேஷன் என்கிறார்கள். எது சரி?

இந்தச் சண்டையில் நுழைந்தவர் யாரும் முழுதாகத் திரும்பியதில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

சிப் வடிவமைப்புத் தொழிலில் சிமுலேஷன் என்றால், வடிவமைப்பை போர்டில் ஏற்றுவதற்கு முன் கணினி மென்பொருளுக்குள் ஓட்டி, அலைவடிவங்களைப் பார்ப்பது. அதற்கு உள்ளீடு கொடுக்கும் கோப்பு டெஸ்ட்பெஞ்ச். அதே தொழிலில் எமுலேஷன் என்றால், இன்னும் தயாராகாத சிப்பை எஃப்பிஜிஏ போன்ற வன்பொருளில் ஏற்றிச் சோதிப்பது. பழைய கணினி, வீடியோ கேம் ஆர்வலர்களிடம் போனால் எமுலேஷன் என்றாலே பழைய இயந்திரம் போல நடிக்கும் மென்பொருள்தான்; எஃப்பிஜிஏவில் ஓடுவதை அவர்களில் சிலர் சிமுலேஷன் என்பார்கள். ஆக, தொழில்காரர் சிமுலேஷன் என்று சொன்னால் பி.சி.யில் ஓடுவது, ஆர்வலர் சொன்னால் போர்டில் ஓடுவது. சொல்லை விட்டுவிட்டு 'எங்கே ஓடுகிறது' என்று கேட்டால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

'அசல்' என்பதை நான் ஏற்கவில்லை. கோரை, அதாவது எஃப்பிஜிஏவில் ஏற்றும் அந்த இயந்திரத்தின் வடிவமைப்பை, எழுதியவரும் மனிதர்தான். கையேட்டைப் படித்து, அசல் சிப்பை அளந்து பார்த்து, தான் புரிந்துகொண்டதை எழுதுகிறார். புரிந்துகொண்டது தப்பு என்றால் அந்தத் தப்பும் கச்சிதமாக கேட்களாக மாறும். 6502 என்ற பழைய பிராசஸரின் சிலிக்கனைப் படம் பிடித்து, ஏறத்தாழ 3,500 டிரான்சிஸ்டர்களையும் அவற்றின் இணைப்புகளையும் வரைந்தெடுத்த விஷுவல் 6502 திட்டம் 2010-இல் வந்தது. அது அசலுக்கு மிக நெருக்கம். ஆனால் அது ஓடியது பிரவுசரில், சாதாரண மென்பொருளாக! நெருக்கத்தைத் தருவது எவ்வளவு ஆழமாக ஆராய்ந்தார்கள் என்பது. எஃப்பிஜிஏவா மென்பொருளா என்பது அதற்கு அடுத்தபடி.

கேள்வி: அப்படியானால் எஃப்பிஜிஏவால் என்ன லாபம்?

எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பது. நின்டெண்டோவின் பழைய வீடியோ கேம் இயந்திரமான என்இஎஸ்ஸில் (அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சிக்குச் செய்த வகையில்) பிராசஸர் ஒரு அடி வைப்பதற்குள் படம் வரையும் சிப் மூன்று புள்ளிகளை வரைந்துவிடும். மென்பொருள் எமுலேட்டர் பிராசஸரைக் கொஞ்சம் ஓட்டி, நிறுத்தி, பிறகு படச் சிப்பைக் கொஞ்சம் ஓட்டி, இப்படி மாறிமாறிப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். எவ்வளவு சின்ன இடைவெளியில் மாறுகிறதோ அவ்வளவு துல்லியம், அவ்வளவு சுமை. எஃப்பிஜிஏவில் இரண்டும் தனித்தனிச் சுற்றுகள். ஒன்று மற்றொன்றுக்காக முறை வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. 'சைக்கிள் அக்யூரேட்' என்றால் ஒவ்வொரு க்ளாக் தட்டிலும் அசலில் என்ன நடக்குமோ அதுவே நடப்பது. அதை எட்ட எஃப்பிஜிஏ வசதியான இடம், அவ்வளவே. பட்டன் அழுத்தியதற்கும் திரை மாறுவதற்கும் இடையிலான தாமதமும் குறையும், ஏனென்றால் முழு ஃபிரேமையும் சேர்த்து வைத்து அனுப்பாமல் வரி வரியாகவே வெளியே தள்ளலாம்.

கேள்வி: அந்த என்இஎஸ் உதாரணத்தையே எடுத்தால், பிராசஸருக்கு ஒரு க்ளாக், படச் சிப்புக்கு ஒரு க்ளாக் என்று இரண்டு செய்ய வேண்டுமா?

செய்யாதீர்கள். மூல க்ளாக் 21.477 மெகாஹெர்ட்ஸ். அதை 12-ஆல் வகுத்தால் பிராசஸர், 4-ஆல் வகுத்தால் படச் சிப். அசலில் வகுத்த க்ளாக்கையே பயன்படுத்தினார்கள். எஃப்பிஜிஏவில் எல்லா ஃபிளிப்-ஃபிளாப்புக்கும் ஒரே 21.477-ஐக் கொடுத்துவிட்டு, பிராசஸருக்கு 12 தட்டுக்கு, படச் சிப்புக்கு 4 தட்டுக்கு ஒருமுறை மட்டும் 'இப்போது நகரலாம்' என்று ஒரு சிக்னல் எழுப்புங்கள். இதுதான் க்ளாக் எனேபிள். லாஜிக்கால் க்ளாக்கை நீங்களே வகுத்து உண்டாக்கினால், அது சிப்பின் க்ளாக் பாதைகளை விட்டுச் சாதாரணக் கம்பிகளில் ஓடி, ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு நேரத்தில் போய்ச் சேரும்.

கேள்வி: கோர் என்பது பிராசஸர் கோரா, கேம் கோரா?

இரண்டுக்கும் அதே சொல். பழைய கணினிகளையும் கேம் இயந்திரங்களையும் எஃப்பிஜிஏவில் உருவாக்கும் மிஸ்டர் போன்ற திட்டங்களில் கோர் என்றால் ஒரு முழு இயந்திரத்தின் வடிவமைப்பு. வடிவமைப்பாளர்களிடம் 'சாஃப்ட் கோர்' என்றால் லட்களால் கட்டிய பிராசஸர், 'ஹார்ட் கோர்' என்றால் சிப்பிலேயே நிரந்தரமாகப் பதித்தது. மிஸ்டர் ஓடும் டிஇ10-நானோ போர்டில் 1,10,000 லாஜிக் எலிமெண்ட்களோடு, இரண்டு ஆர்ம் பிராசஸர் கோர்களும் பதிக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஆர்ம் லினக்ஸை ஓட்டி மெனுவையும் கோப்புகளையும் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: அந்தப் போர்டில் 1 ஜிபி டிடிஆர்3 நினைவகம் இருக்கிறதே, தனியாக எஸ்டிரேம் என்ற இன்னொரு நினைவகம் எதற்கு?

அளவு போதும், நேரம்தான் போதாது. பழைய இயந்திரம் 'இந்த முகவரியில் என்ன?' என்று கேட்டால் குறிப்பிட்ட தட்டுக்குள் பதில் வர வேண்டும். டிடிஆர்3-ஐ லினக்ஸும் பயன்படுத்துவதால் பதில் எப்போது வரும் என்று உறுதி கிடையாது. எஸ்டிரேம் கோருக்கு மட்டுமே சொந்தம், எத்தனை தட்டு ஆகும் என்று முன்பே கணக்குப் போட்டுவிடலாம். சிப்புக்குள்ளேயே இருக்கும் பிளாக் ரேம் இன்னும் வேகம், ஆனால் அந்தச் சிப்பில் அது ஏறத்தாழ 700 கேபிதான்.

கேள்வி: சிமுலேஷனில் அருமையாக ஓடுகிறது, போர்டில் படம் கோணல். பைத்தியம் பிடிக்கிறது.

உட்காருங்கள், எனக்கும் பிடித்தது. நான் முதலில் செய்தது வெறும் எழுத்துத் திரை. போர்டில் ஏற்றினால் ஒவ்வொரு எழுத்தும் முந்தைய எழுத்தின் இடது ஓரக் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றது. எழுத்தின் எட்டுப் புள்ளிப் பத்திகளில் (செங்குத்து வரிசைகளில்) மற்ற ஏழும் சரி, முதல் பத்தி மட்டும் பக்கத்து வீட்டுச் சொத்து. இரண்டு இரவு ஃபாண்ட் கோப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

காரணம் பிளாக் ரேம். அதற்கு முகவரி கொடுத்தால் தரவு அடுத்த தட்டில்தான் வரும். சிமுலேஷனுக்கென்று நானே எழுதிய நினைவக மாதிரியோ உடனே பதில் சொன்னது. எழுத்து மாறும் இடத்தில் புதிய தரவு ஒரு தட்டு பிந்தியதால், முதல் புள்ளிக்குப் பழைய எழுத்தே வந்தது. எந்தப் பத்தி என்று சொல்லும் மூன்று பிட்டையும் ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பில் போட்டு ஒரு தட்டு தாமதித்தேன், தீர்ந்தது. உங்கள் கோணலும் எழுத்து அல்லது டைல் (படத்தின் சின்னச் சதுரத் துண்டு) மாறும் எல்லையில்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் டைமிங் அறிக்கையைத் திறந்து, ஸ்லாக், அதாவது மிச்ச நேரம், எதிர்மறையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சிக்னல் அடுத்த தட்டுக்குள் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

கேள்வி: வெரிலாக்கா, விஹெச்டிஎல்லா?

நீங்கள் திருத்த விரும்பும் கோர் எதில் இருக்கிறதோ அது.

கேள்வி: பட்டனை ஒருமுறை அழுத்தினால் கவுண்டர் பதினைந்து, இருபது என்று ஏறுகிறது. போர்டு பழுதா?

போர்டு நன்றாகவே இருக்கிறது. பட்டனுக்குள் இருக்கும் உலோகத் தகடு அழுத்தும்போது சில மில்லிவினாடிகள் துள்ளும். இதற்கு பவுன்ஸ் என்று பெயர். 50 மெகாஹெர்ட்ஸ் க்ளாக்குக்கு ஒரு மில்லிவினாடி என்பது 50,000 தட்டுகள், அதனால் ஒவ்வொரு துள்ளலும் அதன் கண்ணில் தனி அழுத்தல். முதலில் பட்டன் சிக்னலை வரிசையாக இரண்டு ஃபிளிப்-ஃபிளாப் வழியாக உள்ளே கொண்டுவாருங்கள், ஏனென்றால் உங்கள் விரலுக்கு க்ளாக் தெரியாது. பிறகு அது ஒரு 10 மில்லிவினாடி, அதாவது ஐந்து லட்சம் தட்டு, அசையாமல் இருந்தால் மட்டும் ஒரு அழுத்தலாக எண்ணுங்கள்.