சாட்டியில் எடுத்த கூரான ஊரி வீட்டில் வைக்கலாமா?

வேலணையிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: “சாட்டிக் கடற்கரையில் மகன் விரலைவிட நீளமான, கூரான ஊரி ஒன்றைப் பொறுக்கி வந்தான். வெள்ளை கலந்த மஞ்சள் நிறம், அதில் வரிசையாகப் பழுப்புச் சதுரங்கள். நஞ்சுள்ளது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். வாளித் தண்ணீரில் போட்டு மூன்று நாள் ஆகிறது, மணக்கத் தொடங்கிவிட்டது. என்ன செய்வது?”

முதலில் பயத்தை விடுங்கள், மகனுக்கு ஒன்றும் ஆகாது. மேல் சுற்றுகளில் இரண்டு வரிசைச் சதுரங்களும் கடைசிச் சுற்றில் மூன்று வரிசையும் இருந்தால் அது தெரெப்ரா சுபுலாட்டா என்ற கடல் நத்தையின் ஓடு. தெரெப்ரா என்றால் லத்தீனில் துறப்பணம். தச்சரின் துறப்பண அலகைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை. செங்கடல், கிழக்கு ஆபிரிக்கா தொடங்கி பசிபிக் தீவுகள் வரை இந்த இனம் பரவியிருக்கிறது. நஞ்சு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது மணலுக்குள் இருக்கும் புழுக்களைக் குத்திப் பிடிப்பதற்கு. மனிதருக்கு ஆபத்தானவை கூம்புச் சங்குகள். ஐஸ்கிரீம் கோன் வடிவில், வாய் நீண்ட பிளவாக இருக்கும். அவற்றை மட்டும் மகன் ஒருபோதும் கையில் எடுக்கக் கூடாது.

இதன் வீடு சுத்தமான மணல். பகலில் பெரும்பாலும் புதைந்தே கிடக்கும். கடல் வற்றிய நேரத்தில் ஈரமணலில் ஒரு கோடு ஓடி சின்ன மேட்டில் முடிந்தால், அந்த மேட்டின் அடியில் ஊரி இருக்கலாம். கடல்நீரேரி ஓரத்துக் கண்டல் சேற்றில் கிடக்கும் கறுத்த, தடித்த கூரான ஊரியைப் பலர் இதுவென்று நினைக்கிறார்கள். அது வேறு இனம், சேற்றை மேய்ந்து வாழ்வது. இன்னொன்று, சுற்றெல்லாம் வரம்பு வரம்பாக இருக்கும் திருகு ஊரி. அதன் வாய் வட்டமாக இருக்கும். உங்களுடையதன் வாயடியில் ஒரு வெட்டு தெரியும், மூச்சுக்குழலை வெளியே நீட்டுவதற்கு.

மணக்கிறது என்றால் உள்ளே சதை இருந்திருக்கிறது, அநேகமாக உயிரோடு. கடல் உயிர் நன்னீரில் தாங்காது. சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அடுத்த முறைக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எடுத்தவுடன் கடல்நீர் நிரப்பிய கிண்ணத்தில் அரைமணி நேரம் வையுங்கள். பாதமோ குழலோ நீண்டால், அல்லது குடிபுகுந்த நண்டு எட்டிப் பார்த்தால், எடுத்த இடத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.

சரி, இப்போது கையில் இருப்பதை என்ன செய்யலாம்? நிழலில், வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி மணலில் புதைத்துச் சில வாரம் விடுங்கள், எறும்பு மிச்சத்தைத் தின்றுவிடும். அப்புறம் தண்ணீரை மாற்றி மாற்றி அலசிக் காயவிடுங்கள். பித்தளை விளக்கு மாதிரிப் புளியோ தேசிக்காயோ போட்டுத் தேய்க்க வேண்டாம். ஓடு சுண்ணாம்பு, புளிப்புப் பட்டால் அரித்து அந்த வழவழப்பு போய்விடும்.